உப்பண்ணனும் ஒரு மாப்பிள்ளை மரமும்

ஊரில் மற்றவர்கள் மரம் பிழைக்க வேண்டும் என்று தண்ணீர் ஊற்றுவார்கள். உப்பண்ணன், எது எப்போது சாகும் என்று பார்ப்பதற்காக ஊற்றினார். அதற்காகத்தான் அவரை வேலைக்கு வைத்திருந்தார்கள். தலை நரைக்கும்வரை அந்த வேலையைப் பார்த்தவர், ஒரு நாளும் ஒரு மரத்தின் மேல் கோபப்பட்டதில்லை. இலையில் உப்புத்தண்ணீர் தெறித்துவிட்டால் தோளில் கிடக்கும் துண்டை எடுத்துத் துடைத்துவிடுவார். வேருக்குக் கொடுக்க வேண்டியதை இலைக்குக் கொடுப்பது அநியாயம் என்பது அவர் கட்சி.

அவர் வேலை செய்த இடம் கடலோரத்தில் ஒரு மர ஆராய்ச்சித் தோட்டம். சுற்றுவட்டாரத்தில் கடல் ஏறி இறங்கிய நிலங்கள் வெள்ளை பூத்துக் கிடந்தன. அங்கே புல்கூட யோசித்துத்தான் முளைக்கும். அந்த மண்ணில் நிற்கக்கூடிய மரத்தைக் கண்டுபிடிப்பதுதான் தோட்டத்தின் பிழைப்பு. கண்டுபிடிக்கும் முறை சுலபமானது, கொஞ்சம் கொடுமையானதும்கூட. கிணற்றுக்கு இறக்குகிற சிமெண்ட் உறைகளை வரிசையாகப் புதைத்து, மண் நிரப்பி, உறைக்கு ஒன்றாகப் புங்கங்கன்று நடுவார்கள். முதலில் நல்ல தண்ணீர். பிறகு லேசான உப்புத்தண்ணீர். அப்புறம் இன்னும் கொஞ்சம் உப்பு, இன்னும் கொஞ்சம். சட்டென்று கூட்டினால் எந்த மரமும் போய்விடும். மெல்ல மெல்லக் கூட்டினால் சில மரம் பழகிக்கொள்ளும், சில பழகியது போல நடித்துவிட்டு ஒரு நாள் மொத்த இலையையும் கொட்டும். கடைசிவரை நிற்கிற மரம் தாய்மரம். அதன் கிளைகளை நறுக்கி வேர்விட வைத்து, அதே குணமுள்ள கன்றுகளை ஆயிரக்கணக்கில் உண்டாக்கி, உப்பு நிலத்துக்காரர்களுக்குக் கொடுப்பார்கள். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக ஒரு வரிசைக்கு மட்டும் கடைசிவரை நல்ல தண்ணீர் கிடைக்கும். வேலையாட்கள் அதைப் பணக்கார வரிசை என்பார்கள்.

உப்பைக் கலப்பது உப்பண்ணன். தகரக் கொட்டகைக்குள் பெரிய பீப்பாய்கள், கல்லுப்பு மூட்டைகள், துடுப்பு மாதிரி ஒரு கட்டை, முள் வைத்த ஒரு மீட்டர். போட்டுக் கலக்கி, மீட்டரின் கம்பியைத் தண்ணீரில் விட்டு, முள் நிற்கும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார். நாக்கில் தொட்டாலே அளவு சொல்லக்கூடியவர்தான். ஆனாலும் முள்ளைத்தான் நம்புவார். நாக்குக்குப் பாசம் உண்டு, முள்ளுக்குக் கிடையாது என்பார்.

அவர் மனைவிக்கும் அதே தோட்டத்தில்தான் வேலை. அவள் வந்ததிலிருந்து இவர் கலப்பதோடு சரி, அவள்தான் பூவாளியில் ஏந்திப் போய் ஊற்றுவாள். குழந்தை கிடையாது. அதனால் சண்டை போடவும் சமாதானம் ஆகவும் நிறைய நேரம் இருந்தது. கல்யாணமான புதிதில் ஒரு நாள் சமையலறைக்குள் எட்டிப் பார்த்து, "உப்பு எவ்வளவு போட்ட?" என்று கேட்டார். "கையளவு" என்றாள். "எந்தக் கைக்கு?" என்றார். அன்றோடு அவருக்குச் சமையலறைக்குள் நுழைய அனுமதி ரத்தானது.

உப்பு வரிசையில் கடைசி உறையில் நின்ற கன்றுக்கு அவள்தான் பேர் வைத்தாள். அது நல்ல தண்ணீர்க் குழாயை ஒட்டி, ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது.

"சும்மா சாஞ்சுக்கிட்டு நிக்கிறதப் பாருங்க, மாமியார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி" என்றாள்.

"பொண்ணு இல்லாத வீட்டுக்கு ஏதுடி மாப்பிள்ளை?"

"அதான் மரமா வந்திருக்கு."

அன்றிலிருந்து அது மாப்பிள்ளை. இரண்டாம் தடவை உப்பைக் கூட்டியபோது மாப்பிள்ளைக்கு இலையோரம் தீய்ந்தது, தீக்குச்சியால் சுற்றிலும் கோடு போட்ட மாதிரி. அவள் கொட்டகை வாசலில் வந்து நின்றாள்.

"என்னங்க, மாப்பிள்ளைக்கு இலை கருகுது."

"மத்ததுக்கும்தான் கருகுது."

"மத்ததெல்லாம் முறைச்சுக்கிட்டு நிக்குது. இது என்னையே பாக்குதுங்க. இதுக்கு மட்டும் ஒரு வாளி நல்ல தண்ணி காட்டினா என்ன?"

உப்பண்ணன் துடுப்பைக் கீழே வைத்தார். அவர் துடுப்பைக் கீழே வைத்தால் பிரசங்கம் வரப்போகிறது என்று அர்த்தம்.

"ஒண்ணுக்கு விட்டுக்கொடுத்தா வரிசையே பொய். தாங்காத மரத்தைத் தாங்குதுன்னு சொல்லிடுவாங்க. அதை நம்பி ஒருத்தன் கொண்டுபோய் நடுவான். அவன் வந்து நின்னா நீ பதில் சொல்லுவியா?"

"அடேயப்பா! ஒரு வாளித் தண்ணிக்கு இவ்வளவு பேச்சா?" என்று சிரித்துவிட்டுப் பூவாளியைத் தூக்கிக்கொண்டு போனாள். விஷயம் முடிந்தது என்று நினைத்தார். பிரசங்கம் செய்கிறவர்களின் பொதுவான நோய் அது.

காலம் போனது. உப்பு ஏற ஏற வரிசையில் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டன. மாப்பிள்ளை மட்டும் கருகிய இலைகளை உதிர்த்துவிட்டுப் புதுத் தளிர் விட்டது. தோட்டத்து ஆராய்ச்சியம்மா சின்ன வயதுக்காரி. மண்ணில் முழங்கால் போட்டு உட்கார்ந்து இலைகளை அளப்பவர், அலுவலக நாற்காலி அவருக்கு அலர்ஜி. அந்த அம்மா மாப்பிள்ளையைச் சுற்றிச் சுற்றி வந்தார். ஒரு நாள் அதன் அடிமரத்தில் சிவப்பு வளையம் தீட்டச் சொன்னார். தாய்மரம்! எல்லோரும் கைதட்டினார்கள். மாப்பிள்ளை தாயானதைப் பற்றி வேலையாட்கள் அடித்த ஜோக்குகள் ஒரு வாரம் ஓடின.

உப்பண்ணன் மனைவி மட்டும் சிரிக்கவில்லை. அன்று வீட்டில் சாப்பிடவும் இல்லை. "என்ன, மாப்பிள்ளைக்குப் பேர் கிடைச்சிருக்கு, உனக்கு மூஞ்சி ஏன் இப்படி?" என்றார். "கால் வீங்கியிருக்குங்க" என்றாள். பார்த்தார். நிஜமாகவே வீங்கியிருந்தது. ஒரு உண்மை இன்னொரு உண்மைக்கு முன்னால் வந்து நின்று மறைத்துக்கொண்டது.

சிறுநீரகம் என்றார்கள். உப்பு ஆகவே ஆகாது என்றார் டாக்டர். இந்த உத்தரவை உலகத்தில் யார் அச்சுப் பிசகாமல் நிறைவேற்றுவாரோ, சரியாக அவரிடமே சொல்லிவிட்டார்.

உப்பண்ணன் பல வருஷத்துக்குப் பிறகு சமையலறைக்குள் நுழைந்தார். வீட்டிலிருந்த உப்பு ஜாடியைக் கழுவிக் கவிழ்த்தார். அவளுக்குச் சமைத்ததையே தானும் சாப்பிட்டார். அவள் ஒரு வாய் வைத்துவிட்டுக் கையை எடுப்பாள்.

"மரத்துக்கு மூட்டை மூட்டையா போடுறீங்க. எனக்கு ஒரு சிட்டிகைக்கு வழியில்லையா?"

"ஒரு தடவை விட்டுக்கொடுத்தா..."

"வரிசையே பொய். தெரியும், தெரியும்" என்று அவள் முடித்து வைப்பாள். இரண்டு பேரும் சிரிப்பார்கள். சாப்பாடு மட்டும் அப்படியே இருக்கும்.

ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகு, ஒரு மத்தியானம் டாக்டர் அவரை வராந்தாவுக்கு அழைத்துப் போய், "இனிமே அவங்க என்ன கேட்டாலும் குடுங்க" என்றார். உப்பண்ணனுக்கு அது நன்றாகப் புரிந்தது. புரிந்ததால்தான் அவர் கொடுக்கவில்லை. உள்ளே வந்து கஞ்சியை ஆற்றினார். அவள், "இதுல ஒரே ஒரு கல்லு போடுங்களேன். நாக்கு செத்துப்போச்சு" என்றாள். போட்டால் டாக்டர் சொன்னதற்குச் சரி என்று கையெழுத்துப் போட்டது போல ஆகிவிடும். "உடம்பு தேறட்டும், ஜாடியோட தர்றேன்" என்றார். அவள் அந்தக் கஞ்சியை மிச்சமில்லாமல் குடித்தாள். குடித்துவிட்டு, "மாப்பிள்ளைக்கு இலை இருக்கா?" என்று கேட்டாள்.

"ஜம்முனு இருக்கான். அவன் கன்னுகளை நிலத்துக்காரங்க வாங்கிட்டுப் போறாங்க."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து, "ரேடியோவ வரச் சொல்லுங்க. அவகிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றாள்.

ரேடியோ என்பது தோட்டத்தில் களை எடுக்கும் பெண். வாய் மூடாது என்பதால் அந்தப் பேர். அவள் வந்தால் நோயாளி தூங்க முடியாது என்று நினைத்த உப்பண்ணன், "நாளைக்குக் கூட்டியாறேன்" என்றார். விடிவதற்குள் மனைவி போய்விட்டாள்.

காரியங்கள் முடிந்து அவர் வேலைக்குத் திரும்பினார். வீட்டில் அவர் ஒருவர்தான். ஆனாலும் கவிழ்த்த ஜாடியை நிமிர்த்தவில்லை. மதியச் சாப்பாட்டில் ரேடியோ எட்டிப் பார்த்து, "உப்பு விக்கிற அளவுக்கு வச்சிருக்கீங்க, சோத்துல ஒரு கல்லு இல்லையே அண்ணே. யாருக்குச் சேத்து வைக்கிறீங்க?" என்பாள். அவர் மென்றுகொண்டே இருப்பார்.

உப்பு வரிசைக்குத் தண்ணீர் ஊற்றும் வேலையும் ரேடியோவுக்கே வந்தது. சில வாரத்தில் மாப்பிள்ளைக்கு இலையோரம் தீய்ந்தது. பிறகு பாதி இலை. பிறகு உச்சிக் கிளை மொட்டையானது. ஆராய்ச்சியம்மா வந்து வந்து பார்த்தார். கடைசியில் ஒரு காலை கொட்டகைக்குப் புது மீட்டர் ஒன்றுடன் வந்து, "தப்பா நினைக்காதீங்க அண்ணே. உங்க மீட்டர்ல ஏதாவது கோளாறான்னு பாத்துடலாம்" என்றார். இரண்டு கம்பிகளையும் ஒரே பீப்பாயில் விட்டார்கள். இரண்டு முள்ளும் ஒரே இடத்தில் நின்றன. ஆராய்ச்சியம்மா மன்னிப்புக் கேட்டார். உப்பண்ணன் பரவாயில்லை என்றார். பரவாயில்லை என்று சொல்பவரின் முகம் அது இல்லை.

அந்த முகத்தோடு உட்கார்ந்திருந்தவரிடம்தான் ரேடியோ வந்து, "உங்களப் போய்ச் சந்தேகப்படுறாங்களே. நல்ல தண்ணிய நிறுத்தினா மரம் கருகத்தானே செய்யும்?" என்றாள்.

"எந்த நல்ல தண்ணி?"

"அதான், அக்கா மாப்பிள்ளைக்கு ஊத்துவாங்களே. சாயங்காலம் எல்லாரும் கை கால் கழுவுற நேரத்துல, குழாயில பிடிச்சு ஒரு பூவாளி. ஞாயித்துக்கிழமைகூட ஏதாவது சாக்கு சொல்லி வந்துடுவாங்க."

உப்பண்ணன் அவளையே பார்த்தார்.

"எப்பலேர்ந்து?"

"முதல்ல கருகுச்சே, அப்பலேர்ந்து." அவள் குரல் இறங்கியது. "அண்ணே... உங்களுக்குத் தெரியாதா? நீங்க சொல்லித்தான் செய்யறாங்கன்னு நெனச்சோம். உங்களுக்குத் தெரியாம அக்கா என்னைக்கு என்ன செஞ்சிருக்காங்க? அது ஆராய்ச்சியில ஒரு வகைன்னு நெனச்சேன். சத்தியமா."

தோட்டம் முழுவதற்கும் தெரிந்திருந்தது. தெரியாதவர்கள் இரண்டே பேர்: உப்பைக் கலந்தவரும் மரத்தைத் தேர்ந்தெடுத்தவரும். ஊர் வம்பையெல்லாம் ஒலிபரப்பிய ரேடியோ, இந்த ஒன்றைச் செய்தி என்றே நினைக்காமல் விட்டிருந்தாள்.

யாரிடமும் சொல்லாதே என்றார் உப்பண்ணன். அவருக்கே அது அந்நியர் குரல் போல இருந்தது. சொன்னால் அவர் மேல் விழுந்த சந்தேகம் போகும். ஆனால் பழி போய் விழுகிற இடத்தில், பதில் சொல்ல ஆள் இல்லை. அதோடு, வளையம் போட்ட மரத்தைப் பிடுங்கிவிடுவார்கள். அவள் கை பட்டதில் அந்தத் தோட்டத்தில் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது அது ஒன்றுதான்.

அன்று சாயங்காலம் எல்லோரும் போன பிறகு, அவர் குழாயில் ஒரு பூவாளி நல்ல தண்ணீர் பிடித்தார். மாப்பிள்ளையின் முன்னால் வெகுநேரம் நின்றார். பிறகு ஊற்றினார். வாழ்க்கையில் முதல்முறையாக, அளக்காமல். மறுநாளும் ஊற்றினார். அதற்கு மறுநாளும். ஆஸ்பத்திரியில் ஒரு கல் உப்புக்கு வராத கை, இங்கே திருட்டுத் தண்ணீருக்குத் தாராளமாக வந்தது. அவளுக்கு விதியை மீறத் தெரிந்திருந்தது. ஒரு மரத்துக்காக மீறினாள். அவர் அவளுக்காக மீறவில்லை.

அடுத்த வாரம் ஒரு நிலத்துக்காரர் வந்தார். ஈரச் சாக்கில் சுற்றி, கைக்குழந்தையை எடுத்து வருவது போல எதையோ எடுத்து வந்தார். ஆராய்ச்சியம்மா இல்லாததால் நேரே கொட்டகைக்கு வந்து, தரையில் வைத்துச் சாக்கைப் பிரித்தார். மாப்பிள்ளையின் கன்றுகள். குச்சி குச்சியாகக் காய்ந்து கிடந்தன.

"ஒண்ணு ரெண்டுல உயிர் இருக்குமோன்னு தோணுச்சு. அதான் நனைச்சே கொண்டுவந்தேன். பாருங்க."

உப்பண்ணன் ஒரு குச்சியை நகத்தால் கீறினார். உள்ளே பச்சை இல்லை. இன்னொன்றைக் கீறினார்.

"நிலம் பூரா நட்டேன்" என்றார் அவர். "உங்க மேல குத்தமில்ல. உப்பைத் தாங்குற சாதின்னு சொல்லித்தான் குடுத்தீங்க. நான்தான் எங்கேயோ கோட்டை விட்டுட்டேன். வேற யாருக்காவது நல்லா வந்திருக்கும். எனக்கு இன்னொரு தடவை குடுக்கச் சொல்லுங்க. இந்தத் தடவை ராத்திரி பகலா நானே காவல் இருக்கேன்."

திட்டியிருந்தால் உப்பண்ணன் தாங்கியிருப்பார். திட்டுக்கு அவரிடம் பதில் இருந்தது. அந்த மனிதர் தன்னையே குற்றம் சொல்லிக்கொண்டு, காய்ந்த குச்சிகளை மறுபடி சாக்கில் பத்திரமாகச் சுற்றினார். அவன் வந்து நின்றால் நீ பதில் சொல்லுவியா என்று என்றைக்கோ கேட்ட கேள்வி, கேட்டவர் முன்னாலேயே வந்து நின்றது.

சாயங்காலம் ஆராய்ச்சியம்மாவின் அறைக்குப் போனார். அங்கே போயும் முதலில் பொய்தான் சொன்னார்.

"கலவையில நான்தான் தப்பு பண்ணிட்டேன்மா. ரொம்ப நாளா உப்பைக் குறைச்சுப் போட்டிருக்கேன்."

ஆராய்ச்சியம்மா பேனாவை மூடினார். "அப்படின்னா வரிசையில மத்த மரம் எல்லாம் எதனால செத்துச்சு அண்ணே? ஒரே பீப்பாய்த் தண்ணிதானே?"

அவருக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. தொடக்கக்காரர்களின் பொய் ஒரு கேள்விக்கு மேல் நிற்பதில்லை. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து உண்மையைச் சொன்னார். ஆராய்ச்சியம்மாவின் பல வருஷ உழைப்பு அந்த அறையில் சத்தமில்லாமல் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. கடைசியில், "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றார்.

"அவ என்கிட்ட கேட்டாம்மா. நான் பிரசங்கம் பண்ணினேன்."

ஜன்னல் வழியே உப்பு வரிசையின் முனை தெரிந்தது. ஆராய்ச்சியம்மா அதைப் பார்த்துக்கொண்டே, "கன்னு குடுக்கிறத நாளைக்கே நிறுத்திடுறேன். வாங்கினவங்ககிட்ட நானே போய்ச் சொல்றேன். மரம்... அது பாட்டுக்கு நிக்கட்டும். வளையத்தை மட்டும் அழிச்சுடலாம். நல்ல தண்ணியே ஊத்துங்க" என்றார்.

அதைத்தான் அவர் கேட்க நினைத்து வந்தார். கேட்காமலே கிடைத்தது.

"வேணாம்மா" என்றார். "நீங்க மாறிப் போவீங்க, நானும் போயிடுவேன். அடுத்து வர்றவங்க, செத்த வரிசையில ஒண்ணு மட்டும் பச்சையா நிக்குதேன்னு மறுபடி அதைத்தான் பிடிப்பாங்க. எடுத்துடலாம்."

எடுப்பதற்கும் அங்கே ஒரு முறை இருந்தது. உறையை உடைத்து, மரத்தை வேரோடு எடுத்து, மண்ணைக் கழுவி, வேரையும் இலையையும் தனித்தனியாகக் காயவைத்து, எதில் எவ்வளவு உப்பு ஏறியிருக்கிறது என்று பார்ப்பார்கள். உப்பண்ணனை வேண்டாம் என்று எல்லோரும் சொன்னார்கள். அவர் சம்மட்டியை யாருக்கும் கொடுக்கவில்லை.

முதலில் கொட்டகைப் பக்கத்துச் சிமெண்டை உடைத்தார். மண் கட்டியாக, வெள்ளை கோத்து இருந்தது. வேர் என்று சொல்ல அங்கே பழுப்பான சில நூல்கள். ஆராய்ச்சியம்மா குனிந்து பார்த்து, இவ்வளவு பெரிய மரம் எதை வைத்து நின்றது என்று முணுமுணுத்தார். பிறகு குழாய்ப் பக்கத்தை உடைத்தார்.

அந்தப் பக்கம் மண்ணே தெரியவில்லை. அத்தனையும் வேர். தடித்தும் மெலிந்தும், ஒன்றின் மேல் ஒன்று ஏறி, சிமெண்டில் முட்டி, முட்டிய இடத்தில் மடங்கி, மறுபடி அங்கேயே சுருண்டிருந்தது. மரத்தின் வேர் மொத்தமும் ஒரு முழ அகலத்துக்குள் வந்து அடைந்திருந்தது.

"உப்பு குறைஞ்ச பக்கமாத்தான் வேர் போகும்" என்றார் ஆராய்ச்சியம்மா மெதுவாக. "தினமும் ஒரே இடத்துல ஊத்தியிருக்காங்க."

உப்பண்ணனுக்கு அந்த இடம் தெரியும். குழாயை மூடிவிட்டு, இடது கையை இடுப்பில் கொடுத்து, பூவாளியைச் சாய்த்துக்கொண்டு அவள் நிற்கிற இடம். வேர்கள் எல்லாம் அவள் கால் இருந்த திசையைப் பார்த்துக்கொண்டிருந்தன. அவர் சம்மட்டியைத் தரையில் வைத்துவிட்டு, அதன் பக்கத்திலேயே உட்கார்ந்தார். ரேடியோ முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டாள்.

வேரை அவர்தான் கழுவினார். முறைப்படி நல்ல தண்ணீரில். ஒவ்வொரு இழையாகப் பிரித்து, சிக்கெடுக்கிற மாதிரி. மாலைவரை ஆனது.

உடைத்த இடத்தில் புது உறை இறக்கினார்கள். புதுக் கன்று வந்தது. கன்று ஊன்றும்வரை நல்ல தண்ணீர்தான் என்பதால், ஆரம்பத்தில் உப்பண்ணனுக்குச் சங்கடம் ஒன்றுமில்லை. அந்த வரிசைக்கு இப்போது அவரே ஊற்றினார். பூவாளியைக் குழாய்ப் பக்கமாகச் சாய்க்கப் போகும் கையைத் திருத்தி, உறையைச் சுற்றிச் சுற்றி வந்து ஊற்றினார்.

பிறகு உப்பு தொடங்கும் நாள் வந்தது. கொட்டகையில் கலக்கி, மீட்டர் கம்பியை விட்டு, முள் நின்ற பிறகு இன்னொரு முறை பார்த்துவிட்டு, பூவாளியோடு கடைசி உறைக்கு வந்தார். கன்று அவர் இடுப்பளவுகூட இல்லை. தளிர் செம்பு நிறத்தில் பளபளத்தது. பூவாளி கையில் இருக்க, அவர் நின்றுகொண்டே இருந்தார்.

பக்கத்தில் களை எடுத்துக்கொண்டிருந்த ரேடியோ நிமிர்ந்தாள். குழாயைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"உப்பண்ணே" என்றாள், அவளுக்கே வராத ஒரு சின்னக் குரலில். "நான் வேணா கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் திரும்பி நிக்கட்டுமா?"

உப்பண்ணன் இல்லையென்று தலையசைத்தார்.

"வேணாம்மா. இங்கேயே பாத்துக்கிட்டு நில்லு" என்றார். "என்னை இனிமே நம்ப முடியாது."